எலிக் கிட்டிக்கு முதல் வில்: கெட்டியான இடத்தைச் சீவுங்கள், இளகிய இடத்தை விடுங்கள்

சம்பா நெல் தண்டு உருண்டு வரும் நேரம். காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை பக்கத்து வயல்களில் விடியற்காலையில் வரப்பில் நடப்பவர் கண்ணில் முதலில் படுவது, தண்ணீரில் மிதக்கும் பச்சைத் தூர்கள்தான். பூச்சி கடித்தது போலக் குதறலாக இருக்காது. கூரான கத்தியால் சாய்வாக அறுத்தது போல அடித்தண்டு வெட்டுப்பட்டிருக்கும். வரப்போரத்துப் பயிர் பத்திரமாக நிற்கும். நடு வயல் மட்டும் வட்ட வட்டமாக மொட்டையடித்திருக்கும். அதனால் ரோட்டில் நின்று பார்ப்பவருக்கு வயல் நன்றாகத்தான் தெரியும். இறங்கிப் பார்த்தவருக்குத்தான் வயிறு எரியும்.

கொள்ளிடத்தின் கடைமடைப் பகுதியான இங்கே, எலிக்கு மருந்து தேடிக் கடைக்குப் போகும் பழக்கம் வருவதற்கு முன்பிருந்தே ஒரு கருவி உண்டு. தஞ்சாவூர் கிட்டி என்று வேளாண் துறைக் கையேடுகளில் எழுதுவார்கள். ஊரில் வெறும் கிட்டி. ஒரு மூங்கில் பிளாச்சு, ஒரு முழக் கயிறு, ஒரு சிறு குச்சி, கொஞ்சம் இரை. இவ்வளவுதான் பொருள். மாலை வெயில் தாழ்ந்ததும் கிட்டிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்குபவர்களை இந்தப் பகுதியில் இன்றும் பார்க்கலாம். ஆனால், கிட்டி வைப்பவர்கள் இருக்கும் அளவுக்குக் கிட்டி கட்டத் தெரிந்தவர்கள் இல்லை. கட்டத் தெரிந்தவர்களிலும், வில்லைச் சமமாக இழைக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

கிட்டியின் உயிரே அந்த வில்தான். அதை ஒரு விவசாயி தன் வீட்டுக் கொட்டகையிலேயே செய்து பழகலாம். செலவு அதிகமில்லை. பொறுமைதான் அதிகம் வேண்டும்.

எலியின் கணக்கு

நம் வயல்களில் அதிக சேதம் செய்வது வரப்பில் வளை தோண்டி வாழும் சிறு பெருச்சாளி இனம். அதோடு புல் எலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி ஆகியவையும் உண்டு. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அதனால் வாயை மூட முடியும். அதனால்தான் தின்பதைவிட வெட்டிப் போடுவது பல மடங்காக இருக்கிறது. சிறு பெருச்சாளி இதற்கும் மேலே போய், முற்றிய கதிர்களை இழுத்து வளைக்குள் சேமித்தும் வைக்கும்.

கருத்தரித்த பெண் எலி ஏறக்குறைய மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். ஒரு ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம். கதிர் பால் பிடிக்கும் காலத்தில் தீனி அதிகம் என்பதால் பெருக்கமும் அப்போதுதான் அதிகம். கதிர் வந்தபின் எலியைத் துரத்தத் தொடங்குபவர் எப்போதும் ஒரு ஈற்று பின்தங்கியே இருப்பார். நாற்று வேர் பிடித்துத் தூர் கட்டத் தொடங்கும்போதே கிட்டி வயலில் இறங்கிவிட வேண்டும். அப்போது பிடிபடும் ஒரு பெண் எலி, தை மாதத்தில் ஒரு கூட்டத்துக்குச் சமம்.

வில் ஏன் சமமாக இருக்க வேண்டும்?

கிட்டியின் வேலை எளிது. வளைத்த வில்லின் நாணைப் பின்னுக்கு இழுத்து, ஒரு சிறு குச்சியில் தடுத்து நிறுத்தியிருப்பார்கள். அந்தக் குச்சியோடு இரை தொடர்பு கொண்டிருக்கும். எலி தலையை நீட்டி இரையை இழுக்கும். குச்சி நழுவும். வில் நிமிரும். நாண் பாய்ந்து எலியின் கழுத்தை இறுக்கும். ஊருக்கு ஊர் கட்டும் விதத்தில் சிறு மாற்றம் இருந்தாலும் அடிப்படை இதுதான்.

இதில் வில்லின் இரண்டு கைகளும் ஒரே அளவு வளைய வேண்டும். ஒரு கை கெட்டியாகவும் மறு கை இளகியும் இருந்தால் நாண் நேராகப் பாயாது. ஒரு பக்கமாக இழுக்கும். கழுத்தில் விழ வேண்டியது முதுகில் விழும், காலில் விழும், அல்லது ஒன்றிலும் விழாது. அடிபட்டுத் தப்பிய எலி இன்னொரு முறை அந்தப் பொருளின் அருகில் வரத் தயங்கும். வில் மிகவும் கெட்டியாக இருந்தால் தடுப்புக் குச்சி நாணின் இழுப்பில் இறுகிக்கொள்ளும். சின்ன எலி இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். மிகவும் இளகியிருந்தால் எலி உடனே சாகாமல் துடிக்கும், அல்லது கிட்டியை இழுத்துக்கொண்டு ஓடும். சரியான வில் சட்டென்று முடித்துவிடும். உயிரைக் கொல்வது என்று ஆனபிறகு, வதைக்காமல் கொல்வதும் கட்டுபவரின் பொறுப்புதான்.

எந்த மூங்கில், என்ன வயது?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது மனிதனுக்குச் சொன்னது. மூங்கிலுக்கு அது பொருந்தாது. ஒரு வயது மூங்கில் நன்றாக வளையும். ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். நிமிரும் வலு அதற்கு வராது. காய்ந்தால் சுருங்கும். வில்லுக்கு மூன்று, நான்கு வயது முற்றிய மூங்கில் வேண்டும். கணுக்களில் உறை எல்லாம் உதிர்ந்து, தோலின் மேல் பொடியும் பளபளப்பும் போய், அங்கங்கே சாம்பல் நிறத் திட்டுகள் படிந்திருந்தால் முற்றியது என்று கொள்ளலாம். கத்தியின் பின்புறத்தால் தட்டினால் கணீர் என்று கேட்கும்.

ஆற்றங்கரைகளிலும் தோப்பு ஓரங்களிலும் வளரும் முள் மூங்கிலும் ஆகும். உள்ளே கூடு குறைந்த கல் மூங்கிலும் ஆகும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே, சுவர் தடிப்பாகவும் கணுக்கள் நேராகவும் உள்ள துண்டைத் தேர்ந்தெடுங்கள். சொந்தப் பட்டா நிலத்தில் மூங்கில் வளர்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2017-ல் இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. காப்புக் காட்டு மூங்கிலுக்கு இது பொருந்தாது. அங்கே கை வைக்கக் கூடாது.

வெட்டிய மூங்கிலை அப்படியே பயன்படுத்தினால் இரண்டு மாதத்தில் மாவு கொட்டும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும் துளைப்பான் வண்டின் வேலை அது. குருத்து விடும் மழைக்காலத்தில் வெட்டாமல், மழை முடிந்தபின் வெட்டுங்கள். மூன்று, நான்கு வாரம் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போடுங்கள். மாவுச்சத்து கரைந்து போகும். ஊறிய தண்ணீர் நாற்றம் அடிக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பிறகு நிழலில் நிறுத்தி வைத்து ஒரு மாதமாவது உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

பிளாச்சு எடுத்தல்

முதல் வில்லை இரண்டு முழ நீளத்தில், அதாவது ஏறக்குறைய 90 சென்டிமீட்டரில் செய்து பழகுவது நல்லது. குட்டையான வில்லில் சிறு தவறும் முறிவில் முடியும்; நீளமான வில் தவறைப் பொறுத்துக்கொள்ளும். கை பழகியபின் கிட்டிக்குத் தேவையான அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

கொடுவாளால் மூங்கிலைப் பிளந்து, இரண்டு விரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு பிளாச்சு எடுங்கள். நீளத்தில் சரிபாதியைக் கயிறு வைத்து அளந்து கரியால் கோடு போடுங்கள். நடுவில் நான்கு விரல் அகலம் பிடி. அது வளையக் கூடாத இடம். முழுத் தடிப்போடு இருக்கட்டும். அங்கிருந்து இரண்டு நுனிகளுக்கும் அகலம் படிப்படியாகக் குறைந்து, நுனியில் ஒரு விரல் அகலம் வரவேண்டும். நுனியிலிருந்து ஒரு விரல் தள்ளி, கயிறு மாட்ட இரு பக்கமும் சாய்வாக வெட்டு விடுங்கள். வெட்டின் விளிம்பை அரத்தால் தேய்த்து மழுங்க வையுங்கள். கூர் விளிம்பு கயிற்றை அறுத்துவிடும்.

இங்கே ஒரு விதியை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். மூங்கிலின் மேல்தோலைத் தொடக் கூடாது. வில் வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது தோலை ஒட்டித்தான். இழுப்பைத் தாங்குவது அந்த நார். அதனால் தோல் எப்போதும் வெளிப்பக்கம், எதிராளியைப் பார்த்து இருக்க வேண்டும். உள்சதை நாணைப் பார்த்து இருக்க வேண்டும். சீவுவது எல்லாம் உள்சதைப் பக்கத்தில்தான். அழகுக்காகத் தோலையும் வெளிக்கணுவையும் வழித்து எடுப்பவரின் வில், அந்த இடத்திலேயே சிலாம்பு எழுந்து முறியும்.

இதே அறிவைத்தான் உலகின் பல பக்கங்களிலும் வில் செய்தவர்கள் வேறு மரங்களில் கண்டுபிடித்தார்கள். 1545-ல் மூழ்கி, 1982-ல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. அவை யூ என்ற மரத்தில் செய்தவை. அந்த மரத்தின் வெளிர் நிற வெளிமரம் இழுப்பைத் தாங்கும். சிவந்த உள்மரம் நசுக்கலைத் தாங்கும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வில் எடுத்தார்கள். நம் மூங்கிலில் அந்த இரண்டு வேலைக்கும் உரிய பாகங்களை இயற்கையே ஒரு சுவரில் அமைத்துக் கொடுத்திருக்கிறது.

சமன் பார்த்தல்

இதுதான் வில்லின் கல்வி. இதற்கு முன் செய்தது எல்லாம் தச்சு வேலை.

முதலில் பிளாச்சின் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியில் ஒரு கையும் மறு நுனியில் ஒரு கையும் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். அசையவே இல்லை என்றால் இரண்டு கைகளிலும் உள்சதையை ஒரே அளவாகச் சீவிக்கொண்டு வாருங்கள். கொடுவாள் வேண்டாம். சூரிக்கத்தியைக் குறுக்கே பிடித்துச் சுரண்டுவதே போதும். லேசாக அசையத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து கொட்டகைச் சுவர். நெஞ்சு உயரத்தில் உறுதியான ஒரு முளை அடித்து, வில்லின் பிடி அதன்மேல் உட்காரும்படி வையுங்கள். தோல் மேலே, உள்சதை கீழே. முளைக்கு நேராகக் கீழே சுவரில் கரியால் ஒரு செங்குத்துக் கோடு. அதற்கு இரு பக்கமும் சம தூரத்தில் சில கோடுகள். குறுக்கே, ஒரு சாண் இடைவெளியில் கிடைக்கோடுகள். வெள்ளையடித்த சுவர் என்றால் இன்னும் நல்லது. வில்லின் இரு நுனிகளிலும், வில்லைவிடச் சற்றே நீளமான கயிற்றைத் தளர்வாக மாட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு காலி வாளியைத் தொங்கவிடுங்கள்.

இப்போது வாளியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசு தேவையில்லை. ஆறடி பின்னால் தள்ளி நின்று பாருங்கள். இரண்டு நுனிகளும் ஒரே கிடைக்கோட்டைத் தொடுகின்றனவா? எந்த நுனி உயரத்தில் நிற்கிறதோ அந்தக் கை கெட்டி. பிறகு ஒவ்வொரு கையையும் தனியாகப் பாருங்கள். பிடியிலிருந்து நுனிவரை வளைவு பிறை போலச் சீராக ஓடுகிறதா, எங்காவது குச்சி போல நேராக நிற்கிறதா? நேராக நிற்கும் இடத்தின் உள்பக்கத்தில் கரியால் கோடு போடுங்கள். வாளியை எடுங்கள். வில்லை இறக்குங்கள். கரி போட்ட இடத்தை மட்டும் சுரண்டுங்கள். கரி மறையும் அளவுக்குச் சுரண்டினால் போதும். மறுபடியும் வில்லை மாட்டி, சிறிய அளவில் இருபது முறை வளைத்து விடுங்கள். சுரண்டியதன் பலன் நாருக்குள் இறங்கித் தெரிய இந்த இருபது முறை வேண்டும். அதன்பிறகே மறுபடி தண்ணீர்.

கெட்டியான இடத்தைச் சீவு, இளகிய இடத்தைத் தொடாதே. வில்லின் முழுப் பாடமும் இந்த ஒரு வரிதான். புதிதாகச் செய்பவர் கை தானாகவே தவறான இடத்துக்குப் போகும். ஏற்கெனவே நன்றாக வளையும் இடத்தில் கத்தி சுலபமாக ஓடும். கணுவை ஒட்டிய கெட்டி இடத்தில் ஓடாது. சுலபமான இடத்தில் சீவிக்கொண்டே போனால் வில் ஒரே இடத்தில் மடிந்து நிற்கும்.

ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் கத்தி தானே நிதானப்படும். வில்லின் விறைப்பு அகலத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். ஆனால் தடிப்பைப் பொறுத்தவரை அது மும்மடிப் பெருக்கத்தில் மாறும். தடிப்பு பாதியானால் விறைப்பு பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடும். 10 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரே ஒரு மில்லிமீட்டர் சீவினால் விறைப்பில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். அதனால்தான் தொடக்கத்தில் எவ்வளவு சீவியும் வளையாத பிளாச்சு, கடைசியில் நான்கு சுரண்டலில் தொய்ந்து போகிறது. சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. உரம் குறைந்தால் மேலுரம் இடலாம். வில்லுக்கு மேலுரம் கிடையாது.

இரண்டு கையும் சமமாக வந்தபின் லிட்டர் லிட்டராகக் கூட்டுங்கள். கூட்டும்போதெல்லாம் சமன் பாருங்கள். சமன் இல்லாத வில்லைக் கூடுதலாக வளைக்கவே கூடாது. வாளியைத் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது. பார்த்த உடனே இறக்கிவிட வேண்டும். வளைந்த நிலையில் நிறுத்தி வைத்தால் நார் அந்த வளைவைப் பழகிக்கொள்ளும்.

முதல் வில்லில் வரும் மூன்று தவறுகள்

ஒரே இடத்தில் மடிதல்: ஒரு கணுவிடைப் பகுதி மட்டும் அதிகம் வளையும். அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களை எல்லாம் அதன் அளவுக்கு இளக்கிக் கொண்டுவர வேண்டும். வில் மொத்தத்தில் வலு குறையும். பரவாயில்லை, சுண்டெலிக் கிட்டிக்கு ஆகும்.

தோலில் சிலாம்பு எழுதல்: நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்த வில்லை அப்போதே ஒதுக்கிவிடுங்கள். கயிறு சுற்றிச் சமாளிக்கப் பார்த்தால், முறியும்போது துண்டு முகத்துக்கு வரும். அவரைக்கொடிக்கு ஊன்றுகோலாகப் பயன்படட்டும்.

நிமிராமல் தங்குதல்: நாணைக் கழற்றியபின்னும் வளைந்தே இருக்கும். மூங்கில் ஈரம் காயவில்லை, அல்லது முற்றவில்லை, அல்லது வேலையில் அவசரம். லேசான தங்கல் எல்லா வில்லிலும் உண்டு. மூன்று, நான்கு விரல் அளவு தங்கிவிட்டால் அதில் பாய்ச்சல் இருக்காது.

முதல் வில் முறிந்தால் தோல்வி என்று நினைக்க வேண்டாம். முறிந்த இடத்தைப் பாருங்கள். அநேகமாக அது நீங்கள் கடைசியாகச் சீவிய இடமாகவே இருக்கும். அடுத்த பிளாச்சை எடுப்பதற்கு முன் அதைக் கையில் வைத்து யோசிப்பதுதான் படிப்பு.

சமன் வந்த வில்லின் ஓரக் கூர்களை உப்புத்தாளால் மழுக்கி, வேப்பெண்ணெய் தடவி, அடுப்புக்கு மேலே பரணில் சில நாள் புகை படும்படி வையுங்கள். வண்டு எளிதில் அண்டாது. வயலில் வேலை முடிந்ததும் நாணைத் தளர்த்தியே வைக்க வேண்டும்.

வயலில் வைக்கும்போது

எங்கே வைப்பது என்பதை எலிதான் சொல்லும். மாலையில் வரப்பில் கண்ணில் படும் வளைகளை எல்லாம் சேற்றால் அடைத்துவிடுங்கள். காலையில் எந்த வளை திறந்து புது மண் தள்ளியிருக்கிறதோ அதில் எலி இருக்கிறது. அந்த வளைக்கும் பயிருக்கும் இடையில் உள்ள தடத்தில் கிட்டி வைக்க வேண்டும். கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கத்து இருளர் மக்கள் வளையின் மண்ணையும் தடத்தையும் பார்த்தே உள்ளே எலி இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். அவர்களோடு அரை நாள் வரப்பில் நடந்தால் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

வறுத்த நெல், ஊறிய நெல், தேங்காய்ச் சில்லு, கருவாடு, வயல் நண்டு எல்லாம் இரையாகும். சுற்றிலும் நெல் கிடைக்கும் காலத்தில் வாசனை உள்ள இரையே எடுபடும். முதல் இரண்டு நாள் நாணைப் பூட்டாமல் இரை மட்டும் வையுங்கள். பயம் தெளிந்து தின்னப் பழகியபின் மூன்றாம் நாள் பூட்டுங்கள். ஒவ்வொரு கிட்டிக்கும் பக்கத்தில் துணி கட்டிய குச்சி நட்டால் எண்ணிக்கை தவறாது. ஆள் மிதிக்கவும் மாட்டார். விடியும் முன்பே எடுத்துவிட வேண்டும். பகலில் விட்டுவைத்தால் கீரியும் பறவையும் மாட்டும்.

செத்த எலியை வெறும் கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரில் உண்டு. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்றுத் தண்ணீர் வழியாகவே தொற்றும். கையுறையோ பாலித்தீன் பையோ போட்டு எடுத்து, ஆழமாகப் புதைத்து, சோப்பால் கை கழுவுங்கள். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போய் வயல் வேலை செய்வதையும் சொல்ல வேண்டும்.

விஷம் வைத்தால் எளிதல்லவா?

எளிதுதான். அந்த எளிமைக்கு விலை உண்டு. துத்தநாக பாஸ்பைடு வயிற்று ஈரம் பட்டதும் நச்சு வாயுவாக மாறும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. முழு அளவு தின்னாமல் பிழைத்த எலி, அந்த இரையை மறுபடி தொடாது. விஷம் தின்று தடுமாறும் எலியைப் பிடிக்கும் கூகையும் நாயும் பூனையும் பாதிக்கப்படும். கூகை ஒன்று செத்தால், இரவெல்லாம் கூலியில்லாமல் எலி பிடித்த ஆள் ஒருவரை இழந்ததாக அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, வயலுக்கு வாங்கி மிச்சமானது வீட்டுப் பரணில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பொட்டலம் எத்தனை வீடுகளில் கோபத்திலும் மனவேதனையிலும் கைக்கு எட்டியிருக்கிறது என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். கிட்டியால் அந்த ஆபத்து இல்லை. விஷம் தவிர்க்க முடியாத நிலை வந்தால், வேளாண் விரிவாக்க மையத்தில் அளவைக் கேட்டு, ஊர் முழுவதும் ஒரே நாளில் வைத்து, மிச்சத்தை அன்றே அழித்துவிடுங்கள்.

வாசகர்கள் கேட்பவை

கேள்வி: பழைய ஏணி மூங்கிலிலும் பந்தல் காலிலும் வில் எடுக்கலாமா?

பதில்: நன்கு உலர்ந்தது என்பதால் ஆகும். ஆனால் ஊசித் துளையும் மாவும் இருக்கக் கூடாது. வருடக்கணக்கில் மழை, வெயில் பட்டுத் தோல் வெளுத்து வெடிப்பு விட்டதை எடுக்க வேண்டாம். ஆணி அடித்த இடமும் ஆகாது.

கேள்வி: நைலான் கயிறு நாணுக்கு ஏற்றதா?

பதில்: நைலான் இழுத்தால் நீளும், வில்லின் பாய்ச்சலில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். முறுக்கேற்றிய பருத்தி நூலோ சணல் நூலோ நீளுவது குறைவு. தேன்மெழுகு தேய்த்தால் ஈரத்தில் சீக்கிரம் கெடாது. ஒவ்வொரு மாலையும் நாணை விரலால் தடவிப் பார்த்த பிறகே பூட்டுங்கள்.

கேள்வி: கிட்டி மட்டும் வைத்தால் எலி ஒழிந்துவிடுமா?

பதில்: ஒழியாது, கட்டுப்படும். கோடையில் வரப்பை வெட்டிச் சிறிதாக்குங்கள். அகல வரப்பு எலிக்கு மாடி வீடு. களையையும் வைக்கோல் குவியலையும் அகற்றுங்கள். இரவில் கூகை உட்கார வயலில் டி வடிவத் தாங்கிகள் நடுங்கள். பொதி தள்ளும் பருவத்தில் அவற்றை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் மணி கொத்தும் பறவைகள் உட்காரும். முக்கியமாக, பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பிடித்தால் அடுத்த வரப்பு எலி இங்கே குடி வரும். அறுவடைக்கு முன் தெளிக்கும் தரிசு உளுந்துக்கும் இதே எலிதான் எதிரி. அதனால் நெல் முடிந்ததும் கிட்டியைக் கட்டி வைத்துவிட வேண்டாம்.

கேள்வி: வில் செய்யப் பழகியதும் பையன் அம்பு எய்யக் கேட்கிறான். விடலாமா?

பதில்: பறவை, முயல், பன்றி என்று எதன் மேலும் எய்யக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வைக்கோல் கட்டைக் குறி வைத்து, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று விடலாம். அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடக் கூடாது, வில் முறியும். ஜார்க்கண்டின் தீபிகா குமாரி வீட்டில் செய்த மூங்கில் வில்லில் பழகித்தான் ஒலிம்பிக் வரை போனார். இந்தியன் ரவுண்டு என்ற பிரிவில் இன்றும் மூங்கில் வில்லோடுதான் போட்டி நடக்கிறது.

மேருவை வில்லாகவும் வாசுகியை நாணாகவும் கொண்டு சிவபெருமான் முப்புரம் எரித்த தலம் என்று நம் மாவட்டத்துத் திருவதிகையைச் சொல்வார்கள். மலையை வளைக்கும் வேலை சாமிக்கு. பயிர் வைத்தவருக்கு ஒரு மூங்கில் பிளாச்சு போதும். ஆடியில் மூங்கில் பார்த்து வைத்து, உலர்ந்த பிளாச்சில் இரண்டு, மூன்று வில் முறித்துப் பழகியிருந்தால், அடுத்த சம்பா தூர் கட்டும்போது சொந்தக் கிட்டியோடு வரப்பில் இறங்கலாம். கத்தியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் வளைவைப் பாருங்கள், பிறகு கரியால் குறியுங்கள், அதன்பின் சுரண்டுங்கள்.